மூலைகளில் மஞ்சள்

எங்கள் சனிக்கிழமை மேசைக்கு ஒரு விதி இருந்தது. தேநீர் பக்கத்து மேசையில்தான் நிற்க வேண்டும். குடிக்க விரும்பியவர் எழுந்து போய்க் குடித்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பலாம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் தொடக்கத்தில் இருந்த சைவக் கடை அது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு முதலாளி எங்களுக்கு இரண்டு மேசைகளைத் துடைத்து விடுவார். "ஒண்டு ஆக்களுக்கு, ஒண்டு அட்டையளுக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். மூன்று பேர் வடைக்கும் தேநீருக்குமாக இரண்டு மேசைகளைப் பின்னேரம் முழுக்கப் பிடித்து வைத்திருந்ததை அவர் ஒரு நாளும் முகத்தில் காட்டியதில்லை. இன்றைக்கும் அவரை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

நாங்கள் மூவரும் கிரிக்கெட் அட்டைகள் சேர்த்தோம். உள்ளங்கையில் அடங்கும் அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவர் அடித்த ஓட்டங்களும் எடுத்த விக்கெட்டுகளும். நான் மருந்து இறக்குமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் களஞ்சியம் பார்த்தவன். என் அட்டைகள் ஆண்டு வாரியாக, நாடு வாரியாக, தனித்தனி பிளாஸ்டிக் உறைகளில் இருந்தன. இரண்டாமவர் வெள்ளவத்தையில் இரசாயனவியல் படிப்பித்த டியூட்டறி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவரிடம் எங்கள் இருவரிடமும் இருந்ததை விட அதிகம் அட்டைகள் இருந்தன. அதை விட அதிகம் கருத்துகள் இருந்தன. மூன்றாமவர் கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிறவர், கப்பல் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞர். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன்.

போர் தன் கடைசி ஆண்டுகளுக்குள் போய்க்கொண்டிருந்த காலம். சனிக்கிழமை மூவரும் வந்து சேர்வோம் என்று வெள்ளிக்கிழமை சொல்ல முடியாது. அண்ணை புறக்கோட்டையில் பஸ் மாறி வர வேண்டும். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தால் பிந்திவிடும். பிந்தி வந்தவரை ஏன் பிந்தினீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. வந்து உட்கார்ந்ததும் அந்த வாரம் கிடைத்த அட்டையை எடுத்து முன்னால் வைப்போம். அவ்வளவுதான். அந்த ஆண்டுகளில் என்னைச் சரியாக வைத்திருந்தவை அந்தப் பின்னேரங்கள் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

அண்ணையிடம் இருந்தவை கொஞ்சம். ஆனால் அவற்றில் ஒன்று எங்கள் எல்லாவற்றுக்கும் மூத்தது. சிகரெட் பெட்டிகளுக்குள் படம் வைத்து விற்ற காலத்து அட்டை. புகழ்பெற்ற அவுஸ்திரேலியத் துடுப்பாட்டக்காரர் ஒருவர் மட்டையை ஊன்றி நிற்கும் வர்ணப் படம். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குப் போகும் அணியின் கப்பல் வழியில் கொழும்பில் ஒரு நாள் நிற்கும். ஆட்டக்காரர்கள் இறங்கி விளையாடிவிட்டு மறுபடி ஏறிப் போவார்கள். அண்ணையின் தகப்பனார் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர். கப்பலில் இருந்து இறங்கிய பயணி ஒருவர் தன் சிகரெட் பெட்டியைத் திறந்து இந்த அட்டையை எடுத்து அவருக்குக் கொடுத்தாராம். தகப்பனார் இந்தக் கதையைச் சாகும் வரை சொன்னார். அவர் போன பிறகு அண்ணை சொன்னார்.

மாஸ்டர் நம்பவில்லை.

"ஐசே, இது ரீப்பிரிண்ட்" என்பார். "இதே படத்தைப் பிறகு செற் செற்றா அடிச்சு வித்தவங்கள். உம்மட அப்பா புத்தகக் கடையில வாங்கிப்போட்டு உமக்குக் கப்பல் கதை விட்டிருக்கிறார்."

"அப்பாவுக்குக் கதை விட நேரம் இருக்கேல்லை. பத்துப் பிள்ளையள்."

"அதுதான் சொல்லுறன். பத்துப் பிள்ளையளை நித்திரையாக்க ஒரு கதை வேணும்தானே."

கடை முதலாளியே சிரித்துவிடுவார். அண்ணையும் சிரிப்பார். ஆனால் அட்டையை உறைக்குள் வைக்கும்போது அவர் முகம் மாறியிருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

அந்த வருடம் மாஸ்டருக்கு அவுஸ்திரேலியாவுக்கு விசா கிடைத்தது. மகனிடம் நிரந்தரமாகப் போகிறார். அதை அவர் எங்களுக்குச் சொன்ன சனிக்கிழமை, பஸ் நிலையம் வரை நான் அண்ணையோடு நடந்தேன்.

"தம்பி, இவர் போறதுக்கு முதல் இதுக்கொரு முடிவு வேணும்" என்றார் அண்ணை. "பதினெட்டு வருசமா அப்பாவைப் பொய்யன் எண்டு சொல்லுறார், பகிடியாத்தான். இவர் போன பிறகு உண்மையெண்டு வந்தால் நான் ஆருக்கு முன்னால அதைச் சொல்லுறது?"

அமெரிக்காவில் இதற்கென்றே கம்பனிகள் உண்டு என்று நான் வாசித்திருந்தேன். அட்டையை அனுப்பினால் அது உண்மையானதா போலியா என்று பார்ப்பார்கள். பிறகு மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பதையெல்லாம் உருப்பெருக்கியால் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு மூன்று வரிசைகள் வைத்திருந்தார்கள். மெதுவான வரிசையில் மாதக் கணக்காகும். நடு வரிசையில் சில வாரங்கள். வேகமான வரிசையில் சில நாட்கள்.

அந்தப் பக்கத்தை நெற் கஃபேயில் வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இன்னும் நினைவிருக்கிறது. இங்கே தண்ணீர்க் குழாய் திருத்துகிறவர் தொடங்கி ஒருவரும் எங்களுக்கு நாள் குறித்துச் சொல்லத் துணியாத காலம். எங்கேயோ இருக்கும் அந்நியர்கள் ஓர் அட்டைக்கு, இன்ன வரிசையில் கொடுத்தால் இவ்வளவு காலத்தில் முடிவு தருவோம் என்று எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் கீழே இருந்த வரியைக் கவனித்தேன். பொதி அவர்கள் வாசலுக்கு வந்த நாளிலிருந்து காலம் ஓடாது. அவர்கள் பொதியைத் திறந்து பதிவு செய்த நாளிலிருந்துதான் ஓடும். அதுவும் வேலை நாட்கள் மட்டும்.

"அப்ப அவங்கட நாள் வேற, எங்கட நாள் வேற" என்றார் மாஸ்டர். ஆனால் அவர்தான் வழியையும் சொன்னார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தங்கை ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்கு வந்திருந்தார். திரும்பும்போது கைப்பையில் கொண்டுபோய் அங்கிருந்து கொடுப்பார். நடு வரிசை என்று முடிவானது. கணக்குப் பார்த்தேன், மாஸ்டரின் பயணத்துக்கு முன் தாராளமாக முடிவு வந்துவிடும்.

"போலியெண்டு வந்தால் நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றார் மாஸ்டர். "உண்மையெண்டு வந்தால் கொட்டாஞ்சேனைக்கு வந்து உம்மட வீட்டு வாசல்ல நிண்டு சொல்லுறன், உம்மட அப்பா சொன்னது உண்மையெண்டு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் கோட்டைக்கு அங்கால், கொட்டாஞ்சேனைப் பக்கம், போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் எத்தனை இடத்தில் மறிப்பார்கள் என்று எண்ணி, எண்ணியே போகாமல் விடுகிறவர் அவர்.

அட்டையை எப்படிப் பொதி செய்ய வேண்டும் என்று அண்ணைக்கு விவரமாகச் சொன்னேன்: முதலில் மெல்லிய உறை, பிறகு கெட்டி உறை, அதற்கு மேலும் கீழும் மட்டை, பிறகு கடித உறை. அடுத்த சனிக்கிழமை அவர் அதை ஒட்டி மூடிக் கொண்டுவந்தார். கடித உறையின் நான்கு மூலைகளிலும் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மஞ்சள் தடவியிருந்தார். நான் அதைக் கண்டேன், ஒன்றும் நினைக்கவில்லை. எங்கள் வீடுகளில் நல்ல காரியத்துக்குப் போகும் எந்தக் கடிதத்துக்கும் மூலையில் மஞ்சள் தடவுவதுதான் வழக்கம். மாஸ்டரின் விசா விண்ணப்பமும் அப்படித்தான் போயிருக்கும்.

தங்கை பத்திரமாகக் கொண்டு சேர்த்தார். அவர் தொலைபேசியில் சொன்ன பதிவு எண்ணைக் கொண்டு நான் செவ்வாயும் சனியும் நெற் கஃபேயில் பார்ப்பேன். முதலில் "பெறப்பட்டது" என்று மட்டும் நெடுநாள் நின்றது. பொதி திறக்கப்படவில்லை, அதாவது காலம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை "ஆய்வில்" என்று மாறியது. அண்ணையின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் இரண்டு தடவை நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு அசையவில்லை. அவர்கள் சொன்ன காலம் முடிந்தது. மாஸ்டர் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார். பயணத்துக்கு எட்டு நாள் இருந்த சனிக்கிழமை அவர் கடைக்குள் வந்த விதமே வேறாக இருந்தது. தேநீரையும் கையோடு எங்கள் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் அதை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தேன்.

"தங்கச்சி ரெலிபோன் எடுத்தவள்" என்றார். "அட்டையை வரிசையில இருந்து தூக்கிப்போட்டாங்களாம். புற ஊதா விளக்குப் பிடிச்சுப் பார்த்திருக்கிறாங்கள். பழைய கடதாசி அந்த வெளிச்சத்தில மங்கலாக் கிடக்க வேணும். புதுக் கடதாசியெண்டால் வெள்ளையாக்கிற மருந்து இருக்கும், மினுங்கும். உம்மட அட்டையின்ர மூலையெல்லாம் மினுங்குதாம்."

"மூலையோ?" என்றார் அண்ணை.

"நாலு மூலையும். ஆரோ திருத்தியிருக்கினம், இல்லாட்டில் முழுக்கப் போலி எண்டு சந்தேகப்படுறாங்கள். இன்னொருத்தர் பார்க்க வேணுமாம். எப்ப எண்டு சொல்ல ஏலாதாம்."

அண்ணை கையில் எடுத்திருந்த அட்டையைத் திரும்ப உறைக்குள் வைத்தார். மாஸ்டர் இவ்வளவு காலமும் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் அவருக்கும் அது ருசிக்கவில்லை என்று தெரிந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கென்ன இதில சந்தோசமே, ஐசே?" என்றார்.

நான்கு மூலைகள் என்றதும் என் கண்ணுக்குக் கடித உறை வந்தது.

"அண்ணை, அந்த என்வலப்பில அக்கா மஞ்சள் தடவியிருந்தவ. உள்ளுக்கும் தடவினவவோ?"

அண்ணை எழுந்து பக்கத்துத் தொலைபேசிக் கடைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அழைத்தார். அவர் பேசியது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது.

"இஞ்ச, அண்டைக்கு அந்த அட்டை சாமித் தட்டில இருந்ததெல்லே... ஓம், என்வலப்புக்குத் தடவினது தெரியும்... அதில்லை, உள்ளுக்கு... உறையில இருந்து வெளியால எடுத்தனியோ?... ஓம்... ஓம்... அட்டையிலயுமோ? நாலு மூலைக்குமோ?... இல்லையில்லை, ஒண்டுமில்லை. நல்ல மனசோடதான் செய்தனி. அழாத. நான் வந்து சொல்லுறன்."

அவர் தொலைபேசியை வைத்தார். "கலியாணக் கடிதத்துக்குத் தடவுறமாதிரித் தடவினவவாம். அது போய் நல்ல சேதியோட வர வேணும் எண்டு."

மாஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். தொலைபேசிக் கடைப் பெண் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உலகத்தில் மூலையைப் பார்த்து மதிப்பிடுகிற ஒரு கம்பனிக்கு, மூலையில் மஞ்சள் தடவி அனுப்பக்கூடியவர்கள் நாங்கள் மட்டும்தான் என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

"மஞ்சள் அந்த விளக்குக்கு மினுங்கும்" என்றார், வகுப்பில் சொல்வதைப் போல. "பச்சை கலந்த மஞ்சளா மினுங்கும். வெள்ளையாக்கிற மருந்தெண்டால் நீலமா மினுங்கும். இரண்டும் வேற. அவங்களுக்குச் சொல்ல ஆளில்லை."

அவர் அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் முடிவு வராமலே விமானம் ஏறியிருப்பார். அவர் சொன்னதே கடைசிச் சொல்லாக நின்றிருக்கும். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அங்கேயே நின்று தங்கைக்கு அழைத்தார். அங்கே அப்போது விடியற்காலை.

"நித்திரையால எழும்பு, பிள்ளை. பேனை எடு. அது மஞ்சள்... மஞ்சள், மஞ்சள்! கறிக்குப் போடுற மஞ்சள்... ஏனெண்டு கேளாத, எங்கட ஆக்கள் வேற என்ன செய்யிறது?... நான் சொல்லுறதை அப்பிடியே அவங்களுக்கு எழுது. மூலையை விட்டிட்டு நடுவில விளக்கைப் பிடிக்கச் சொல்லு. நடு மங்கலா இருந்தால் கடதாசி பழசு... ஓம், நான்தான் போலியெண்டு சொன்னனான். இப்பவும் அப்பிடித்தான் சொல்லுறன். ஆனா மஞ்சளுக்காக ஒரு மனுசன் தோக்கக் கூடாது... வேகமான வரிசைக்கு மாத்து. நான் பிளேன் ஏற முதல் வர வேணும்."

அண்ணை கண்ணாடிக் கதவுக்கு வெளியே வீதியைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்தோம். கடையில் எங்கள் தேநீர் ஆறிப்போயிருந்தது. முதலாளி கேட்காமலே மூன்று புதுத் தேநீர் கொண்டுவந்து வைத்தார், பக்கத்து மேசையில்.

அடுத்த செவ்வாய் "ஆய்வில்" என்றே இருந்தது. வியாழன், வெள்ளியும் போய்ப் பார்த்தேன். மாஸ்டரின் விமானம் ஞாயிற்றுக்கிழமை. சனி காலை நெற் கஃபே திறக்கும்போதே வாசலில் நின்றேன். பக்கம் மெதுவாகத்தான் வந்தது. வந்தபோது அந்த வரி மாறியிருந்தது. அதை அச்சடித்து இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். அரை நாள் வேலை முடியும் வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. இது மூவரும் சேர்ந்து கேட்க வேண்டிய செய்தி.

பின்னேரம் தாளை மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர்தான் வாசிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவர் கண்ணாடியைப் போட்டு, முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு சத்தமாகத் தமிழில் சொன்னார்.

"அட்டை உண்மையானது. அந்தக் காலத்து அச்சு. மூலைகளில் பிறபொருள் கறை. அதனால் மதிப்பெண் வழங்கப்படவில்லை."

மாஸ்டர் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"ஐசே, உம்மட ஆள் சோதினைக்கு வந்திருக்கிறார். ஆனா மார்க்ஸ் போடேல்லை."

"மார்க்ஸ் கிடக்கட்டும்" என்றார் அண்ணை. "அந்த முதல் வரியைத் திருப்பி வாசியும்."

மாஸ்டர் திருப்பி வாசித்தார். அண்ணை இன்னும் ஒரு தடவை கேட்டார். மூன்றாம் தடவையும் மாஸ்டர் வாசித்தார், ஒரு பகிடியும் விடாமல். பிறகு தாளை மடித்து அண்ணையிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"வாரும், போவம்."

"எங்கை?"

"கொட்டாஞ்சேனைக்கு. வாசல்ல நிண்டு சொல்லுறன் எண்டு சொன்னனான்தானே. நாளைக்கு நான் இல்லை."

மூவரும் பஸ் ஏறினோம். புறக்கோட்டையில் மாறினோம். அதற்குப் பிறகு ஓரிடத்தில் எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றபோது மாஸ்டர் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி முன்னால் நின்ற அண்ணையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வழியால் அண்ணை பதினெட்டு வருடம் சனிக்கிழமைகளில் வந்து போயிருக்கிறார். மறுபடி பஸ்ஸில் ஏறியதும் மாஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதுக்குள்ளாலயே ஒவ்வொரு கிழமையும் வந்தனீர், ஐசே?" என்று மெல்லக் கேட்டார். அண்ணை, "வேற வழி இருந்தால் சொல்லும்" என்றார்.

அண்ணையின் வீடு கோயில் வீதிக்குப் பின்னால், ஒடுக்கமான ஒழுங்கையில். அக்கா கதவைத் திறந்தார். இவர்தான் மாஸ்டர் என்று அண்ணை சொன்னதும் அவர் முகம் வாடியது. ஏச வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார். ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணை வழியில் சொல்லியிருந்தார்.

"தம்பி, நான்தான் பழுதாக்கிப்போட்டன்..." என்று அவர் தொடங்கினார்.

மாஸ்டர் செருப்பைக் கழற்றவில்லை. சொன்னபடி வாசலிலேயே நின்றார்.

"அக்கா, உங்கட மாமா சொன்னது உண்மை. கப்பலால இறங்கின ஆள் குடுத்த அட்டைதான். நான் இவ்வளவு காலமும் சொன்னது பிழை." பிறகு உள்ளே சுவரில் மாட்டியிருந்த தகப்பனாரின் படத்தைப் பார்த்து, அதற்கும் ஒரு தடவை தலையசைத்தார்.

அக்கா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். அவர் தேநீர் கொண்டுவந்தபோது நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் வேறு மேசை இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. மேசையில் அட்டையும் இல்லை. அது இன்னும் அமெரிக்காவில் இருந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரே மேசையில் இருந்து தேநீர் குடித்தோம்.

புறப்படும்போது மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து மறுநாள் பயணச்சீட்டு இருந்த உறையை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இதுக்கும் தடவி விடுங்கோ, அக்கா."

அக்கா அவர் பகிடி பண்ணுகிறாரா என்று முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சிறு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார்.

"நாலு மூலைக்கும்" என்றார் மாஸ்டர். "ஆனா உறைக்கு மட்டும்."